தண்ணிப் பார்க்குக்கு வந்த கடல்

எங்கள் ஊருக்கு விருந்தாளி வந்தால் எங்கே கூட்டிப்போய்க் காட்டுவது என்பதுதான் எங்களுக்குத் தீராத கவலையாக இருந்தது, ஏனென்றால் சாப்பாடு போட்டு, வெற்றிலை பாக்குக் கொடுத்து, மத்தியானம் ஒரு தூக்கம் தூங்கவைத்த பிறகும் விருந்தாளிக்கு ஒரு சாயங்காலம் மிச்சம் இருக்கும், அந்தச் சாயங்காலத்துக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் தண்ணீரில்லாத ஒரு தடுப்பணையும், மான் பூங்கா என்று பலகை மாட்டிய வேலிக்குள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நின்ற கிழட்டு மான் ஒன்றும், ரயில் நிலையத்து வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்திவைத்த பழைய என்ஜினும்தான். இவற்றை எவ்வளவு மெதுவாகச் சுற்றிக்காட்டினாலும் காபி நேரத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் சென்னையிலிருந்து வந்த பிள்ளைகள் எங்கள் முகத்தைப் பார்த்து "அடுத்து எங்க மாமா?" என்று கேட்பார்கள். எங்களுக்கு மானம் போகும்.

அதனால் நூல் மில் நடத்தி நொடித்துப்போன நாச்சிமுத்து, பைபாஸ் ரோட்டில் கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் இருந்த மேட்டு நிலத்தில் நீர்விளையாட்டுப் பூங்கா கட்டியபோது ஊரே போய் வாழ்த்திவிட்டு வந்தது. சறுக்குமரம், செயற்கை மழை, எல்லாவற்றுக்கும் மேலாக அலைக்குளம். மோட்டார் போட்டால் குளத்தின் ஆழமான கோடியிலிருந்து அலை கிளம்பி வரும், அந்தக் கோடியில் இருந்த சுவரில் நீல வானமும் தென்னை மரங்களும் வரைந்திருந்தார்கள், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அந்தச் சுவரைப் பார்த்துக் கொஞ்சம் கண்ணை மூடித் திறந்தால் கடற்கரை என்று நம்பலாம். நாங்கள் நம்பினோம். எங்களில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததே இல்லை, எந்தத் திசையில் பஸ் ஏறினாலும் கடலுக்குப் போக அரை நாளுக்கு மேல் ஆகும்.

அந்தத் தூரத்துக்காகவே எங்கள் ஊரைத் தேடி வந்தவள் தையல்நாயகி. நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரி. சுனாமி வந்த அன்றைக்கு ஒரு கையில் மகன் மாறனையும் இன்னொரு கையில் கைக்குழந்தை துர்காவையும் பிடித்துக்கொண்டு ஓடினாள், அலை ஒரு கையைக் காலி செய்துவிட்டுப் போனது. மாறன் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவளும் புருஷன் தங்கையனும் பஸ் ஸ்டாண்டில் நின்று கடலிலிருந்து ரொம்பத் தூரமான ஊருக்கு டிக்கெட் கேட்டு வந்து இறங்கினார்கள். தங்கையன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு வடக்கே லைனுக்குப் போய்விட்டான், மாதத்துக்கு ஒருதரம் வருவான். அவள் தண்ணிப் பார்க்கில் குளிக்க வருகிறவர்களுக்கு நைலான் உடுப்பும் லாக்கர் சாவியும் வாடகைக்குக் கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்தாள். மோட்டாரில் வரும் அலையைப் பார்த்து அவளுக்குப் பயமில்லை. ஸ்விட்சை அணைத்தால் நின்றுவிடுகிற அலையிடம் என்ன பயம் என்று சிரிப்பாள்.

துர்காவிடம் அவள் கடல் என்கிற வார்த்தையையே சொன்னதில்லை. டிவியில் கடல் வந்தால் சேனல் மாறிவிடும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடற்கரைப் படம் இருந்த பக்கங்களை அட்டை போடும்போதே ஒட்டிவிட்டாள். சுவரில் மாறனின் படம் இருந்தது, ஆனால் மாலை போடவில்லை. "அண்ணன் நம்ம ஊருல இருக்கான், ஒரு நாளைக்கு வருவான்" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். எங்களுக்கு இதெல்லாம் தெரியும். பாவம், அவள் பிள்ளை, அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டோம், துர்கா காதில் விழும்படி எங்கள் பிள்ளைகளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அது புரட்டாசி மாதத்து ஒரு காலை. மோட்டார் போடுகிற ஆள் வேலைக்கு வருவதற்கு முன்பே குளத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது, அவன் போய் ஸ்விட்சை அணைக்கப் பார்த்தான், அது அணைந்துதான் இருந்தது. வாயில் பட்ட தண்ணீர் கரித்தது. தென்னை வரைந்த சுவர் இருந்த இடத்தில்தான் இருந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி இருந்தது, மறுநாள் இன்னும் தள்ளி, அந்த வாரக் கடைசியில் சுவர் கண்ணுக்கு எட்டவில்லை, தண்ணீரும் வானமும் சேர்கிற கோடு மட்டும் தெரிந்தது. பைபாஸ் ரோட்டில் சுற்றிக்கொண்டு போனால் சுவருக்குப் பின்னால் கோழிப்பண்ணை அப்படியே இருந்தது, கோழிகள் வழக்கம்போல முட்டையிட்டன. ஆகவே இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்று ஊர் முடிவு செய்தது. நாச்சிமுத்து வாசலில் 'இங்கு கடல் உண்டு' என்று பலகை வைத்து டிக்கெட் விலையை ஏற்றினார்.

தையல்நாயகி ஜன்னலில் உட்கார்ந்தபடியே அந்தக் கடல் வாடையை முகர்ந்தாளாம். மேஜை மேல் இருந்த சாவிக்கொத்தை அப்படியே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பைபாஸ் ரோட்டில் நடந்து வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. எங்கோ ஒரு தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனாள்.

நாங்கள் எங்களுக்கு வந்த கடலை அனுபவித்தோம். அனுபவிக்காமல் என்ன செய்வது? சுண்டல் வந்தது, மிளகாய் பஜ்ஜி வந்தது, பலூன் சுடுகிறவன் வந்தான், எங்கிருந்தோ ஒரு மட்டக்குதிரை வந்தது, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் வந்தார்கள், அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்க ராமேஸ்வரம் போய்க்கொண்டிருந்தவர்கள் லீவு மிச்சம் என்று தண்ணிப் பார்க்குக்கே வந்து நைலான் உடுப்புக் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்தார்கள், சென்னையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் "எங்க கடலை விட சுத்தமா இருக்கே" என்று சொன்னபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஐப்பசி பிறந்து மழை தொடங்கியதும் பாத்திரங்கள் வர ஆரம்பித்தன.

எவர்சில்வர் தூக்குகள், டிபன் டப்பாக்கள், மூடி போட்ட சம்படங்கள். எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணத்துக்குத் தாய்மாமன் அன்பளிப்பு, காதுகுத்துக்குச் சித்தப்பா அன்பளிப்பு, வள்ளியம்மை, செங்கேணி, குப்புராசு. அலை அவற்றைக் கொண்டுவந்து படிக்கட்டில் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகும். மூடியைத் திறந்தால் உள்ளே மாங்காய் போட்ட மீன் குழம்பு, ஆவி பறந்துகொண்டு. முதலில் எடுத்துப் போனது எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரிமளா டீச்சர். சைவம்தான், ஆனாலும் ஊர் தேடி வந்த பண்டத்தை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் அவரிடம் கிடையாது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார், பக்கத்து வீட்டுக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு தெருவெல்லாம் சொன்னார். தூக்கைக் கழுவி வைத்த டீச்சருக்கு அன்றைக்குத் தூக்கமில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்பதா?

மறுநாள் அரிசிம்பருப்புச் சாதம் செய்து, மேலே நெய் விட்டு, அந்தத் தூக்கிலேயே போட்டு, அலைக்குளத்தின் படிக்கட்டில் கொண்டுபோய் வைத்தார். அலை வந்து வாங்கிக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து இன்னொரு பாத்திரத்தில் கருவாட்டுத் தொக்கு வந்தது. அப்புறம் ஊரே இறங்கிவிட்டது. ஒப்புட்டு, கச்சாயம், எள்ளுருண்டை, கொள்ளுத் துவையல் என்று எங்கள் வீடுகளிலிருந்து போவதும், இறால் வறுவல், நண்டுக் குழம்பு, சுட்ட மீன் என்று அங்கிருந்து வருவதுமாக, கார்த்திகை முடிவதற்குள் கடல் எங்களுக்கு நல்ல பக்கத்து வீடாக ஆகிவிட்டது. சில பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்காமல் நாங்கள் வைத்துக்கொண்டதும் உண்டு. அடுக்களையில் அழகாக இருந்தன, அடுத்தவர் பெயர் வெட்டிய பாத்திரம்கூடப் பழக்க தோஷத்தில் நம்முடையது போலவே ஆகிவிடும்.

இதைக் கேள்விப்பட்டு ஒரு நாள் தையல்நாயகி பரிமளா டீச்சர் வீட்டுக்கு வந்தாள். அடுக்கி வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தாள். படித்து முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது எங்க தெருவும்மா. இந்த வள்ளியம்மை எனக்கு எதிர்வூடு. இந்தக் குப்புராசு எங்க வூட்டுக்காரருக்குச் சித்தப்பா மவன். ஒருத்தரும் இப்ப இல்ல."

"அப்படீங்களா," என்றார் டீச்சர். அவருக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "காப்பித்தண்ணி குடிக்கிறயா கண்ணு?"

"அதுகிட்ட வாங்கித் தின்னாதீங்கம்மா. குடுக்கறது எல்லாம் அப்புறமா கேக்கறதுக்குத்தான்."

"கேட்டாக் குடுத்துட்டுப் போறோம். நம்மகிட்ட இல்லாததையா கேக்கப்போகுது?"

"உங்ககிட்ட இல்லம்மா," என்றாள் தையல்நாயகி. "எங்கிட்ட இருக்கு. அன்னிக்கி ஒன்ன எடுத்துட்டு ஒன்ன வுட்டுட்டுப் போச்சு. வழி விசாரிச்சுக்கிட்டு வந்திருக்கு."

டீச்சர் காபி கொண்டுவந்தார். டம்ளரில் செங்கேணி என்று வெட்டியிருந்தது. தையல்நாயகி அதைத் தொடாமல் எழுந்து போனாள். பாவம், பிள்ளையைப் பறிகொடுத்தவள், அப்படித்தான் பேசுவாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எங்களுக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. பொங்கல் கழிந்து தங்கையன் வந்ததும் நாக்பூர் பக்கம் போய்விடப் போகிறார்கள், நடு இந்தியாவில் வீடு பார்த்தாகிவிட்டது என்று தறிக்கூடத்தில் சொன்னாளாம். அதுவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டதும் துர்காவை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுத்தான் கடைக்குக்கூடப் போனாள்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் பரிமளா டீச்சர் படிக்கட்டில் தூக்கை வைத்துவிட்டுத் திரும்பும்போது, யார் வீட்டிலாவது பலகாரம் கொடுத்துவிட்டு வரும்போது சொல்வதைச் சொன்னார். "எப்பப் பார்த்தாலும் நாங்களே வர்றோம். ஒரு நாளைக்கு நம்ம ஊட்டுப் பக்கமும் வந்துட்டுப் போங்கோ." வாய் வார்த்தைக்குச் சொன்னதுதான். எங்கள் ஊரில் இப்படிச் சொல்லாமல் யாரும் யாரையும் விட்டு நகர மாட்டோம், சொன்னதற்காக யாரும் வரவும் மாட்டார்கள். அலை பாதி வழியில் நின்றது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

காணும் பொங்கலை எங்கள் பக்கத்தில் பூப்பறிக்கும் நோன்பு என்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கோ கரட்டு மேட்டுக்கோ போய்ப் பூப்பறித்து, விளையாடி, பொழுது சாய வீடு திரும்புவார்கள். அந்த வருஷம் ஆறுமில்லை, கரடுமில்லை, ஊரே தண்ணிப் பார்க்கில் இருந்தது. கட்டுச்சோறு பிரித்து முடித்த நேரத்தில் கடல் பின்னால் நகர ஆரம்பித்தது. நீல ஓடு பதித்த தரை தெரிந்தது, ஓடு முடிந்த இடத்தில் மணல் தெரிந்தது, மணலுக்கு அப்பால் இன்னும் மணல், அதில் சங்கும் சிப்பியும் துள்ளுகிற மீனும். எங்கள் பிள்ளைகள் கூவிக்கொண்டு இறங்கி ஓடினார்கள், பின்னாலேயே நாங்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிச் சிப்பி பொறுக்கினோம், போட்டோ எடுத்தோம், தையல்நாயகி இங்கே இருந்திருந்தால் என்ன கூப்பாடு போட்டிருப்பாள் என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மடி நிறையச் சிப்பியோடு விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பினோம். கடல் எங்களுக்கு முன்பே தெருவுக்கு வந்துவிட்டிருந்தது.

கணுக்கால் அளவுதான் இருந்தது. சத்தமே இல்லை. சாக்கடைக்குள் இறங்காமல், கோலத்தை அழிக்காமல், தெருவின் நடுவே நிதானமாக நடந்து வந்து முதல் வீட்டு வாசலில் நின்றது. அது பரிமளா டீச்சர் வீடு, அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு "வாங்கோ, வாங்கோ, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று கதவை அகலத் திறந்தார். கடல் உள்ளே போய்க் கூடத்தைச் சுற்றி, கட்டிலுக்கு அடியில் பார்த்து, அடுக்களைக்குள் போய்த் தன் பாத்திரங்களை எடுத்துக்கொண்டது. போகும்போது டீச்சரின் பேரன் கணுக்காலை ஒரு சுற்றுச் சுற்றியது. கொஞ்சம் யோசித்த மாதிரி நின்றது. பிறகு விட்டுவிட்டு வெளியே வந்தது.

அப்படியே வீடு வீடாக. நாங்கள் அவசர அவசரமாகக் கூடத்தைப் பெருக்கினோம், கழற்றிப் போட்ட துணிகளைப் பீரோவுக்குள் திணித்தோம், கைக்குக் கிடைத்த பலகாரத்தைத் தட்டில் வைத்தோம். கடல் எல்லார் வீட்டுக்கும் வந்தது, எல்லார் வீட்டுப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டது, எல்லார் வீட்டுப் பிள்ளையின் காலையும் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டது. அது யாரையோ தேடுகிறது என்று அப்போது எங்களுக்குப் பட்டது. பட்டதென்னவோ உண்மைதான், ஆனால் வந்த விருந்தாளியிடம் அதை எப்படிக் கேட்பது? முடிந்தவரை சிரித்த முகமாக இருந்தோம். சுவரோரமெல்லாம் உப்புக்கோடு விழுந்தது.

தெரு முனைக்கு வந்ததும் கடல் நின்றது. இடது பக்கம் பைபாஸ், அதன் வழியே போனால் தண்ணிப் பார்க். வலது பக்கம் ஒரு சந்து. அதற்கு வழி தெரியவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். திரும்பிப் போகவும் ஆரம்பித்துவிட்டது. ஆனால் ஒரு தெருவில் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டு ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனால் அந்த வீட்டுக்காரருக்கு எவ்வளவு சங்கடம், காலத்துக்கும் சொல்லிக்காட்டுவார்களே என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது, தோன்றியதை டீச்சர் சொல்லிவிட்டார். "அந்தச் சந்துக்குள்ளயும் ஒரு ஊடு இருக்குதுங்க. அங்கயும் ஒரெட்டுப் பார்த்துட்டுப் போயிருங்கோ."

சொன்ன பிறகுதான் அது யார் வீடு என்பது எங்களுக்கு உறைத்தது. டீச்சர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கடல் திரும்பிவிட்டது.

நாங்கள் பின்னாலேயே போனோம், போகாமல் இருக்க முடியவில்லை. தையல்நாயகி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கதவுக்குக் குறுக்கே இரண்டு பக்கத்து நிலையையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், மணிக்கட்டு நரம்பு புடைத்துத் தெரிந்தது. தண்ணீர் படியின் கீழே வந்து நின்றது. அவள் வாவென்று சொல்லவில்லை. போவென்றும் சொல்லவில்லை. தலையை நிமிர்த்தி எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றாள், கண்ணைக் கீழே இறக்கவே இல்லை. தண்ணீர் படியில் ஏறப் பார்த்து, ஏற முடியாமல் நின்றது. கூப்பிடாத இந்த ஒரு வீட்டில் அது நுழைய முடியாது என்று எங்களுக்குத் தெரிந்தபோது, சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. டீச்சர் அழுதுகொண்டே "விட்றாத கண்ணு, விட்றாத" என்றார்.

அப்போது அவள் கைக்கு அடியில் துர்கா தலையை நீட்டினாள். வாசலில் இத்தனை பேர் நிற்பதைப் பார்த்தாள். படியருகே பளபளவென்று நிற்கிற தண்ணீரைப் பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளை, வீட்டுக்கு வந்தவர்களை என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லித் தந்திருந்தோம்.

"வாங்க," என்றாள்.

தண்ணீர் ஒரு படி ஏறியது. தையல்நாயகி கையை எடுக்கவில்லை. காலை அகட்டி நின்று முழங்காலால் பிள்ளையை உள்ளே தள்ளினாள். தண்ணீர் அவள் பாதத்தைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"யாரும்மா வந்திருக்காங்க?" என்றாள் துர்கா உள்ளேயிருந்து.

தையல்நாயகிக்கு அந்த வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் சொல்லாத வார்த்தை. உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசியில், "நம்ம ஊர்லேருந்து," என்றாள்.

"நம்ம ஊர்லேருந்தா?" பிள்ளையின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "அப்போ அண்ணனும் கூட வந்திருக்கானாம்மா?"

தையல்நாயகி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் முகம் மெதுவாகக் கீழே இறங்கியது, தண்ணீரைப் பார்த்தாள், குனிந்து இன்னும் உள்ளே பார்த்தாள், கூட்டத்தில் யாரையோ தேடுகிற மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "மாறா?" என்றாள், எங்களுக்குக் கேட்டும் கேட்காத மாதிரி.

அவள் கைகள் நிலையிலிருந்து இறங்கின.